முடிவு வரும்வரை இருங்கோ

காத்திருந்து களைத்துப்போனவர்களை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வதுதான் என்னுடைய தொழில். சிட்னியில், பரமட்டாவில் ஒரு பல் வைத்தியருக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் சின்ன இடம். சுபா வழக்கறிஞர், கோயம்புத்தூர்க்காரி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் கட்டி சிட்னிக்கு வந்தவள். வாக்குமூலம் எழுதுவது, குடிவரவுத் திணைக்களத்துக்கு போன் எடுப்பது, இந்தக் கோரிக்கைகளை நியாயமாகவும், இழுத்தடிக்காமல் கெதியாகவும் பாருங்கள் என்று எம்.பி.மாரின் வாசலில் போய் நிற்பது எல்லாம் என் பக்கம். கீழே பல் துளைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே வந்து இருக்கிறவர்களின் முகமும் கீழே வந்தவர்களின் முகம் மாதிரியேதான் இருக்கும்.

நீங்களும் ஒரு காலத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டவர் என்றால், தபால்காரர் உங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது நெஞ்சு இடித்தவர் என்றால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. எனக்கு மட்டும் ஏனோ ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் இருக்கிறது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை மாற்றவில்லை.

பொடியள்

சேவியர் மன்னார்க் கடற்கரையைச் சேர்ந்தவர். படகில் வந்தவர். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் எங்களிடம் வந்தார். நிராகரித்து வந்த கடிதத்தில் ஒரு பந்தி எங்களுக்கு விளங்கவே இல்லை. சின்னப் பிள்ளைகள் வந்து படகைக் கேட்டதால் பயந்து கொடுத்ததாக இவர் சொல்கிறார், வளர்ந்த ஒரு மீனவர் பிள்ளைகளுக்குப் பயந்தார் என்பது நம்பக்கூடியதாக இல்லை, ஆகவே இவர் சொன்ன மற்றவற்றையும் நம்ப முடியவில்லை என்று இருந்தது. சேவியரிடம் கேட்டோம். பிள்ளைகளைப் பற்றித் தான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார்.

நேர்காணலின் ஒலிப்பதிவை எடுப்பித்து, சுபாவும் நானும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். சேவியரின் குரல் தெளிவாகவே இருந்தது. பொடியள் வந்து போட்டைக் கேட்டவை, குடுத்தனான், பேந்து அதுக்காக ஆமிக்காரர் என்னைப் பிடிச்சவை என்று சொல்கிறார். உடனே மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில், சில்ட்ரன் வந்து கேட்டார்கள் என்கிறார். நான் பதிவை நிறுத்தினேன். போர்க்காலத்தில் எங்கள் பக்கத்தில் 'பொடியள்' என்றால் துவக்குத் தூக்கி ஆமியோடு சண்டை பிடித்த இயக்கக்காரர். அது தெரியாத ஈழத்தமிழர் இல்லை. சுபா என்னைப் பார்த்து, "பொடியன்னா சின்னப் பசங்கதானே அக்கா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடக்கணக்காக எங்கள் ஆட்களின் வழக்குகளைப் பார்க்கிறவளுக்கே இப்படி என்றால்! மொழிபெயர்ப்பாளர் மேல் வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. அவரும் அவருக்குத் தெரிந்த தமிழைத்தான் பெயர்த்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒரு மனிதர் இத்தனை காலமும் பொய்யராக இருந்திருக்கிறார்.

அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதி, பல்கலைக்கழகத்தில் தமிழ் தெரிந்த ஒருவரிடம் அதை உறுதிப்படுத்தியும் வாங்கி, மேன்முறையீடு செய்தோம். வழக்கைத் திரும்பப் பார்க்கும்படி உத்தரவு வந்தது. இதைச் சொல்லத்தான் சேவியரைக் கூப்பிட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "அப்ப இவ்வளவு காலமும் அவை என்னை, சின்னப்பிள்ளையளுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த ஆள் எண்டோ நினைச்சுக்கொண்டிருந்தவை?"

போனில் வந்த குரல்

ஜெசிந்தா தனக்கு ஊரில் முகாமில் வைத்து நடந்ததை ஒருவருக்கும் சொன்னதில்லை. புருஷனுக்கும் சொன்னதில்லை. எங்கள் அலுவலகத்தில் கதவைப் பூட்டிவிட்டு, என் முகத்தைப் பாராமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு தண்ணீர் கேட்டார். நேர்காணலுக்குப் பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று சுபா முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தாள். அன்றைக்குப் போனால் அதிகாரி பெண்தான். மொழிபெயர்ப்பாளர் போனில். அதுவும் ஆண். பெண் ஒருவரும் கிடைக்கவில்லை என்றார்கள். வேண்டாம் என்றால் தள்ளிப்போடலாம், ஆனால் அடுத்த தவணை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஜெசிந்தா என்னைப் பார்த்தார். பரவாயில்லை, இண்டைக்கே முடிப்பம் என்றார்.

மொழிபெயர்ப்பாளர் தன் பெயரைச் சொல்வதில்லை, இலக்கத்தை மட்டும் சொல்வார். அவர் வணக்கம் சொன்ன உடனேயே ஜெசிந்தாவின் கை என் கையைப் பிடித்தது. நான் அதைப் பதற்றம் என்று நினைத்தேன். அதிகாரி நல்லவிதமாகத்தான் கேட்டார், அவசரப்படுத்தவில்லை. முகாமில் உங்களுக்கு என்ன நடந்தது என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்றார் ஜெசிந்தா. அதிகாரி வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. துணைக்குப் போனவள் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. ஒரு பெண் தன்னுடைய வழக்கைத் தன் வாயாலேயே மூடுவதைப் பார்த்துக்கொண்டு நான் கதிரையில் இருந்தேன்.

பிறகு சுபா விடாமல் எழுதி, இரண்டாவது நேர்காணல் எடுத்துத் தந்தாள். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் மெல்பேர்னில் இருக்கிற ஒரு பெண். ஜெசிந்தா எல்லாவற்றையும் சொன்னார். சொன்ன பிறகு எழுத்தில் ஒரு கேள்வி வந்தது: இவ்வளவு பெரிய விஷயத்தை முதல் தடவையே ஏன் சொல்லவில்லை, பிந்திச் சொன்னதால் இது சோடனை என்று ஏன் எடுக்கக்கூடாது? சுபா நீளமாக வாதம் எழுதவில்லை. முதல் நேர்காணல் முடிந்து ரயில் மேடையில் நின்றபோது ஜெசிந்தா எனக்குச் சொன்னதை மட்டும் அப்படியே எழுதி அனுப்பினாள். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை, விசா வந்தது. அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "அந்தக் குரல் எனக்குத் தெரியும் அக்கா. எங்கட சேர்ச்சில ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில வாசகம் வாசிக்கிறவர். அவருக்கு நான் இதை எப்பிடிச் சொல்லிறது?"

பரிசீலனையில் உள்ளது

ஒரு குடும்பத்தின் வழக்கு நெடுங்காலமாக அசையாமல் கிடந்தது. கணினியில் பார்த்தால் எப்போதும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டும். குடும்பக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் மேசையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார் என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் நினைப்பு.

ஒருநாள் திணைக்களத்துக்கு அடித்தபோது போனில் அகப்பட்ட பெண்மணி நல்ல குணமானவர். நான் விட்டுவிடாமல், பரிசீலனை என்றால் இப்போது என்ன கட்டத்தில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பரிசீலனையில் உள்ளது என்றால், இன்னும் ஒருவரும் திறக்கவில்லை என்று அர்த்தம், மேடம்."

கையெழுத்து

வழக்குகளைக் கெதியாக முடிக்கச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு ஒரு மனு தயாரித்து, ஒரு சனிக்கிழமை வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மேசை போட்டேன். தமிழ்க் கடைகளுக்கு வருகிறவர்கள் ஒரு கையில் ரோல்ஸைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்து வைத்தார்கள். நல்லாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிற சிவா அங்கிள் மனைவியோடு வந்தார். எங்கள் சமூகத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஊரில் சனம் பட்ட பாட்டை எந்த அஞ்சலிக் கூட்டத்திலும் கண்ணீர் வரப் பேசுகிறவர். பேனாவை அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. மனுவை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். நாங்கள் முறையாகக் கடதாசியோடு வந்தவர்கள், இவர்கள் கள்ளப் படகில் வந்து எங்கள் பெயரையும் கெடுக்கிறார்கள், அரசாங்கம் ஆறுதலாக, நேரம் எடுத்து வடிவாக விசாரிக்கட்டும், என்ன அவசரம் என்றார். அதுவும் மெதுவாகச் சொல்லவில்லை. மேசைக்கு முன்னால் ஒரு இளைஞன் கையெழுத்து வைக்கக் குனிந்திருந்தான். படகில் வந்தவன் என்று எனக்குத் தெரியும். அவன் பேனாவைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் போய்விட்டான். வெள்ளைக்காரன் ஒருவன் இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்கும். அங்கிளின் வாயில் இருந்து வந்ததால் நான் மனுத் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தால் அன்ரி மட்டும் தனியே திரும்பி வந்தார். கறித்தூள் வாங்க மறந்துபோனதாக அங்கிளுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கார் நின்ற பக்கத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு, கெதியாகக் கையெழுத்து வைத்தார். பேனாவைத் திருப்பித் தரும்போது சொன்னார்: "இவரும் விசிட் விசாவில வந்து, கேஸ் போட்டு நிண்டவர்தான், பிள்ளை. அப்ப கெதியாக் குடுத்திட்டாங்கள். அதாலதான் மறந்துபோனார்."

பிந்தினது யார்

ராசன் கிளிநொச்சிக்காரர். செவன் ஹில்ஸில் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை. அவருடைய நேர்காணல் ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கோப்பு அப்படியே கிடந்தது. கோப்பைப் பார்த்த அதிகாரி மாறினார், மாற்றி வந்தவரும் மாறினார், அரசாங்கமும் மாறியது. நாங்கள் எழுதிக்கொண்டேயிருந்தோம். முடிவு வரும், இருங்கோ என்று நான் சொல்வதும், ஓம் என்று அவர் தலையாட்டுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. கறுப்புத் தலையோடு வந்த மனிதர் என் கண்முன்னாலேயே நரைத்துப்போனார்.

கடைசியில் முடிவு வந்தது. ராசன் வேலைத்தலத்தில் இருந்து நேரே, அந்தத் தடித்த ஜாக்கெட்டோடேயே வந்தார். சுபா வாசிக்கத் தொடங்கினாள். அவள் முகம் மலர்ந்துகொண்டு வந்தது. இவரைத் தடுத்து வைத்ததை ஏற்றுக்கொள்கிறோம், அடித்ததை ஏற்றுக்கொள்கிறோம், நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது இவருக்கு இருந்த பயம் நியாயமானது என்பதையும் ஏற்றுக்கொள்கிறோம். எழுத்துக்கு எழுத்து நம்பியிருக்கிறார்கள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ஆனால் அதன் பிறகு காலம் கடந்துவிட்டது, நாட்டு நிலைமை மாறியிருக்கிறது, இன்றைய நிலையில் இவருக்கு ஆபத்து இல்லை, ஆகவே விண்ணப்பத்தை நிராகரிக்கிறோம். சுபா திரும்ப மேலே போய் வாசித்தாள். நான் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கண் பிழை இல்லை.

இதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறோம். அங்கும் ஒரு வரிசை இருக்கிறது, ராசன் அதில் நிற்கிறார். ஆனால் அன்றைக்கு அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. வந்த நாளில் இருந்த ஆபத்தை அல்ல, முடிவெடுக்கிற நாளில் இருக்கிற ஆபத்தைத்தான் பார்க்க வேண்டும், சட்டம் அப்படித்தான் அண்ணா என்று சுபா மெதுவாகச் சொன்னாள். ராசன் கவனமாகக் கேட்டார். கோபப்படவில்லை. ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு எழும்பினார். "நான் நேரத்துக்கு வந்தனான், தங்கச்சி. பிந்தினது அவை. அதுக்கு நானோ போகவேணும்?"

முகவரி மாற்றம்

அருளப்பனின் தற்காலிக விசா காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் கிடப்பில் இருந்தது. விசாவோடு, இலவச வைத்தியத்துக்கான மருத்துவ அட்டையும் காலாவதி. மனிதர் கட்டடங்களில் டைல்ஸ் பதிக்கிறவர். நெஞ்சு ஒரு மாதிரி இறுக்குது என்று அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அவசரத்துக்கு ஒருவரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விசா வரட்டும், கார்டைப் புதுப்பிச்சுப்போட்டுப் போறன் என்றார். எங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் இது தாமதிக்கக் கூடாத விஷயம் என்று எழுதித் தந்தார். அதையும் வைத்து விசாவை உடனே தரும்படி கேட்டோம். பதில் இல்லை. ஒரு காலை, வேலை நடந்த வீட்டின் படிக்கட்டில், டைல்ஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்தார். அப்படியே சரிந்துவிட்டார்.

ஊரில், பேசாலையில் இருந்த அவருடைய மனைவியும் மகள்மாரும் அடக்கத்தை போனில் பார்த்தார்கள். அருளப்பனோடு ஒரே அறையில் இருந்த செல்வம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேமக்காலையில் குழிக்குள் பெட்டி இறங்கும்போது போனைத் திருப்பட்டோ என்று என்னைக் கேட்டார். போனுக்குள் இருந்து மனைவிதான், திருப்பாதேங்கோ, நான் பாக்கவேணும் என்றார். அருளப்பனின் சொந்த போனையும் அணைக்க வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். அந்த இலக்கத்துக்கு அடித்தால் மணி கேட்கிறதாவது அவருக்கு ஒரு ஆறுதல். செல்வம் அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார்.

அடுத்த கிழமை அந்த போனில் மின்னஞ்சல் வந்தது. செல்வம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, போனை என் மேசையில் வைத்தார். விசா கொடுக்கப்பட்டிருக்கிறது. கீழே நிபந்தனைகள். வாசித்துவிட்டு, நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் இருந்தேன். சுபா எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்றாள். செல்வம் பகிடி விடுகிற ஆள் இல்லை. விசா விஷயத்தில் ஒரு சின்னப் பிழை விட்டாலும் என்ன ஆகும் என்ற பயத்திலேயே இவ்வளவு காலமும் வாழ்ந்தவர். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்: "மிஸ், முகவரி மாறினால் உடன அறிவிக்கவேணும் எண்டு போட்டிருக்கு. ஆள் இப்ப ரூக்வூட் சேமக்காலையில. நான் அறிவிக்கவோ?"

எங்கிருந்து வருவது

அனுஷா படகில் வரும்போது பால்பல்லும் விழாத பிள்ளை. பிளாக்டவுனில் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முன்னுக்கு வந்த சிலரில் ஒருத்தி. தாதிப் படிப்புக்கு இடமும் கிடைத்தது. அப்போதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நிரந்தர விசா இல்லாததால், வெளிநாட்டில் இருந்து படிக்க வருகிற மாணவி கட்டுகிற கட்டணத்தை அவளும் கட்ட வேண்டும். அப்பா கார் கழுவுகிற வேலை. அவளுடைய சிநேகிதிகள் சீருடை வாங்கிக்கொண்டிருந்தபோது இவள் பேக்கரியில் வேலைக்குப் போனாள். ஆசிரியர்மாருக்குக் காரணம் சொல்ல வெட்கப்பட்டு, கொஞ்சக் காலம் படிப்பை விட்டு ஆறப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

அவளையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். எம்.பி. அவசரமாகப் போய்விட்டதால் அவருடைய ஆலோசகர் எங்களைச் சந்தித்தார். மரியாதையான மனிதர், தேநீர் தந்தார். அனுஷாவின் ஆங்கிலம் அருமையாக இருக்கிறதே, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். இங்கேதான் என்றாள். அவர் யோசித்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்று உற்சாகமாக நிமிர்ந்தார். இங்கிருந்துகொண்டு இந்தச் சிக்கலில் மாட்டுப்படாமல், வெளியே போய், சொந்த நாட்டில் இருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்துத் திரும்பி வந்தால் என்ன என்றார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எந்த நாட்டில் இருந்து தப்பி வந்ததாக வழக்கு நடக்கிறதோ, அதே நாட்டுக்குப் போய்விட்டு வரச் சொல்கிறார். கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை, உதவி செய்வதாக நினைத்துத்தான் சொல்கிறார். ஆங்கிலம் முழுதாக விளங்காத தகப்பன் அவரைப் பார்த்து நன்றியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு ஒரு பல்கலைக்கழகம், அகதிக் கோரிக்கையாளர்களின் பிள்ளைகளுக்கென்று இருந்த உதவியில் அவளைச் சேர்த்துக்கொண்டது. இப்போது படிக்கிறாள். அன்றைக்கு அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஆலோசகரின் முகத்தை நேரே பார்த்து, அவருடைய உச்சரிப்பிலேயே ஆங்கிலத்தில் சொன்னாள்: "எந்த ஊரில் இருந்து விண்ணப்பிக்கச் சொல்கிறீர்கள்? எனக்கு ஞாபகம் இருக்கிற ஊர் பிளாக்டவுன் மட்டும்தான்."

மெல்பேர்னில் ஒரு காலை

தயாளன் மெல்பேர்னில் டான்டினோங் பக்கம் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவருடைய விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் போய், திரும்ப விசாரிக்கச் சொல்லி வந்து, அதற்கும் நெடுங்காலம் கிடந்தது. ஊரில் அவருக்குப் பேசிவைத்திருந்த பெண் காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவரிடமே கேட்டுக்கொண்டு வேறொருவரைக் கட்டினாள். கட்டச் சொல்லி நான்தான் சொன்னனான் என்று ஒருமுறை போனில் சொன்னார். விசாரணைக்கு நாள் குறித்ததும் சுபாவும் நானும் சிட்னியில் இருந்து பறந்து போனோம். தயாளன் யாருடையதோ ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காது மடலில் வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு.

முழு நாளும் இழுக்கும் என்று பெரிய ஆயத்தத்தோடு போயிருந்தோம். விசாரித்தவர் வயதான ஒரு பெண். முதல் கேள்வியிலேயே எனக்குத் திக்கென்றது. ஏனென்றால், அவர் எல்லாவற்றையும் வாசித்திருந்தார். தயாளனின் ஊரின் பெயரைச் சரியாக உச்சரித்தார். எந்தக் கிழமை எந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சில கேள்விகள்தான் கேட்டார். அரைவாசியில் நிறுத்திவிட்டு உள்ளே போனார், திரும்பி வந்தார். இவர் அகதி என்பதை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. சுபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். கெட்ட செய்தியில் திடுக்கிட்டுத்தான் எனக்குப் பழக்கம். நல்ல செய்தியில் எப்படித் திடுக்கிடுவது என்று தெரியாமல் நான் தயாளனின் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்துவிட்டேன்.

வெளியே வந்தோம். டிராம்கள் போய்க்கொண்டிருந்தன. எங்காவது போய் நல்லாகச் சாப்பிடுவோம் என்றாள் சுபா. தயாளன் அசையவில்லை. இந்த முறை நாங்கள் புதிதாக ஏதும் கொடுத்தோமா என்று கேட்டார். இல்லை, முதல் நாள் கொடுத்த அதே வாக்குமூலம்தான், அதே ஆதாரங்கள்தான் என்றாள் சுபா. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கும் அது உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. தயாளன் கோட்டைக் கழற்றி, சுருங்காமல் மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இவ்வளவு காலமும் அதை ஒருத்தரும் ஒழுங்கா வாசிக்கேல்லையோ, அக்கா?"

இனி எதைக் கேட்டும் திடுக்கிட மாட்டேன் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அலுவலகத்தைப் பூட்டும்போது நினைக்கிறேன், ஆனால் அந்த நினைப்புக்கும் கிடைப்பது தற்காலிக விசாதான், திங்கட்கிழமை காலை முதல் ஆள் வந்து வாயைத் திறந்ததும் காலாவதியாகிவிடுகிறது.